எதிர்வண்டி லைட்டு கண்ணைப் பறிக்குது: பல்பை மாத்தணுமா, டூமைச் சரிபண்ணணுமா?

கல்லிடைக்குறிச்சி வாசகர் | அக்டோபர் 6, இரவு 10.20

சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடை ரோடு. ரெண்டு வழிதான், நடுவுல தடுப்புக் கிடையாது. ராத்திரி எட்டு மணிக்கு மேல எதிர்ல வாரவன் பிரைட்டை இறக்கவே மாட்டேங்கான். கார் ஒன்பது வருசப் பழசு. எச்4 ஹாலோஜன் (பிரைட்டுக்கும் டிம்முக்கும் தனித்தனிக் கம்பி உள்ள பல்பு), 60/55 வாட், அதாவது பிரைட்டு 60, டிம் 55. டிம்முல ரோடே தெரியல. நாமளும் பிரைட்டுலயே போனாத்தான் அவன் இறக்குவான்ங்கது என் முடிவு. 100/90 பல்பு போடவா, எல்.இ.டி. செட்டு போடவா? ரெண்டுல எதுன்னு மட்டும் சொல்லுங்க.

பேட்டை வயரிங் | அக்டோபர் 6, இரவு 11.05

ரெண்டும் வேண்டாம்.

60 வாட் பல்பு ரெண்டும் பிரைட்டுல எரியும்போது ஒன்பது, பத்து ஆம்பியர் ஓடும். 100 வாட் போட்டா பதினாறு. கம்பெனி வயரும் ஸ்டியரிங் பக்கத்து டிம்மர் சுவிட்சும் பழைய கணக்குக்குப் போட்டது. முதல்ல ஹோல்டர் உருகும். அடுத்து டூமுக்குள்ள, அதாவது பல்போட வெளிச்சத்தை முன்னால திருப்புற கிண்ணத்துக்குள்ள, இருக்கிற வெள்ளிப் பூச்சு கருத்துப்போகும். பூச்சு போன டூமுல எந்தப் பல்பைப் போட்டாலும் மங்கல்தான்.

எல்.இ.டி. கதை வேற. எச்4 பல்பைக் கையில வச்சுப் பாருங்க. டிம் கம்பிக்கு அடியில ஒரு சின்னத் தகரக் கிண்ணம் இருக்கும். வெளிச்சம் டூமோட மேல்பாதியில மட்டும் பட்டு ரோட்டைப் பாத்து இறங்கணும்னுதான் அந்தக் கிண்ணம். டூமோட வளைவு முழுக்க அந்தக் கம்பி நிக்கிற இடத்தைக் கணக்குப் பண்ணி வார்த்தது. அந்த இடத்துல பட்டையா ஒரு எல்.இ.டி. சில்லை வச்சா, அது ஒரு மில்லிமீட்டர் தள்ளி நின்னாலே போதும், வெளிச்சம் மேல சிதறும். பம்பருக்கு முன்னால பத்தடி பளிச்சுன்னு இருக்கும். அதுல கண்ணு ஏமாந்து, தூரத்துல இருக்கிறது இன்னும் இருட்டாத் தெரியும். கம்பெனியே எல்.இ.டி.க்குன்னு செஞ்ச விளக்கைப் பத்திச் சொல்லல, ஹாலோஜன் டூமுக்குள்ள திணிக்கிறதைச் சொல்லுதேன்.

டிம்முல ரோடு தெரியலன்னா மூணுல ஒண்ணு, இல்ல மூணுமே: பல்புக்கு வோல்ட் வந்து சேரல. டூமோ முன் கண்ணாடியோ மங்கிட்டு. விளக்கோட திசை கோணிட்டு. இந்த மூணையும் பாக்காம பல்புக் கடைக்குப் போகாதீங்க.

வள்ளியூர் லாரி | அக்டோபர் 7, காலை 5.40

பிரைட்டுக்குப் பிரைட்டு போட்டா இப்ப ரெண்டு பேருக்குமே கண்ணு தெரியாது. பன்னிரண்டு மீட்டர் அகலமாவா இருக்கு கல்லிடை ரோடு? ஒரு தடவை டிம் அடிச்சுக் காட்டுங்க. இறக்கலன்னா விட்டுருங்க. ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டு, பார்வையை இடது ஓரத்து வெள்ளைக் கோட்டுல வையுங்க. கோடு அழிஞ்ச இடத்துல தாரும் மண்ணும் சேருற விளிம்பு, இல்லன்னா மரத்துல அடிச்ச வெள்ளைப் பட்டை. அந்த வெளிச்சத்தை நேராப் பாக்கக்கூடாது. சட்டுன்னு பிரேக் மிதிக்கவும் கூடாது, பின்னால வாரவனுக்கும் அதே வெளிச்சம்தான் கண்ணுல அடிக்குது.

பேட்டை வயரிங் | அக்டோபர் 7, மதியம் 1.30

வோல்ட் பாக்கிற முறை. மல்டிமீட்டர் போதும்.

என்ஜின் ஓடணும், விளக்கு எரியணும். பேட்டரி முனையில 13.5க்கும் 14.4க்கும் நடுவுல காட்டணும். அடுத்து பல்பு மாட்டின கப்ளர்லயே (பல்புல செருகுற வயர் பிளக்) பின்பக்கமா மீட்டர் முள்ளைச் செருகிப் பாருங்க. பல்பைக் கழட்டிட்டுப் பாத்தா முழு வோல்ட்டும் காட்டும், அது பொய்க் கணக்கு. கரன்ட் ஓடும்போதுதான் எங்கே விழுதுன்னு தெரியும்.

பேட்டரிக்கும் பல்புக்கும் அரை வோல்ட்டுக்கு மேல வித்தியாசம் இருந்தா வழியில எங்கயோ தின்னுது. ஹாலோஜன்ல வோல்ட் பத்து சதவீதம் குறைஞ்சா வெளிச்சம் பத்து சதவீதம் குறையாது, ஏறத்தாழ முப்பது சதவீதம் குறையும். 55 வாட் டிம்மை 90 வாட்டா மாத்தி வாங்க நினைக்கிற வெளிச்சம் பழைய வயர்லயே செத்துக் கிடக்கு.

எர்த்தையும் பாக்கணும். மீட்டரோட ஒரு முள்ளு பேட்டரி மைனஸ்ல, இன்னொண்ணு பல்போட எர்த் பின்னுல. விளக்கு எரியும்போது 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் போல்ட்டு துருப்பிடிச்சிருக்கு. தாமிரபரணிக் கரையோரத்து ஈரத்துல நிக்கிற வண்டிகள்ல இதுதான் முதல் குற்றவாளி. போல்ட்டைக் கழட்டி, உப்புத்தாள்ல தேய்ச்சு, கிரீஸ் தடவி முறுக்குங்க. செலவே கிடையாது.

கல்லிடைக்குறிச்சி வாசகர் | அக்டோபர் 8, இரவு 8.15

பேட்டரியில 13.9. இடது பல்புல 11.6, வலது பல்புல 11.9. எர்த் பக்கம் இடதுல 0.7 காட்டுது.

பேட்டை வயரிங் | அக்டோபர் 8, இரவு 9.00

நினைச்சதுதான். 13.5 வர வேண்டிய இடத்துல 11.6 வந்தா வெளிச்சத்துல நாப்பது சதவீதம் போச்சு. எர்த்தை முதல்ல சரிபண்ணுங்க. மிச்சத்துக்கு ரிலே, அதாவது சின்னக் கரன்ட்டுல தட்டினா பேட்டரியில இருந்து பெரிய கரன்ட்டை நேரா பல்புக்குத் திறந்துவிடுற சுவிட்சு.

ரெண்டு ரிலே, 12 வோல்ட் 30 ஆம்பியர், நாலு கால். டிம்முக்கு ஒண்ணு, பிரைட்டுக்கு ஒண்ணு. 30ன்னு நம்பர் போட்ட கால் பேட்டரி பிளஸ்சுக்கு. நடுவுல 15 ஆம்பியர் பியூஸ், அது பேட்டரியில இருந்து ஒரு சாணுக்குள்ள இருக்கணும். 87 பல்புக்கு. 86க்குப் பழைய கப்ளர்ல வாற சிக்னல். 85 எர்த். வயர் 2.5 சதுர மில்லிமீட்டர், அதுக்குக் குறைய வேண்டாம். பழைய வயர் இனிமே ரிலேயைத் தட்டி விடுற வேலை மட்டும் பாக்கும், டிம்மர் சுவிட்சும் கூட நாள் உழைக்கும். ரிலே கால் கீழ்ப்பார்த்து இருக்கணும். மேல்பார்த்து வச்சா மழைத்தண்ணி உள்ள நிக்கும்.

ஒண்ணு கவனம். சில ஜப்பான் வழி வண்டிகள்ல எச்4 கப்ளரோட பொதுப் பின் எர்த்தா இருக்காது, பிளஸ்சா இருக்கும், சுவிட்சு எர்த்தைத்தான் வெட்டி விடும். டெஸ்ட் லேம்ப் வச்சுப் பாக்காம மேல சொன்னபடி இணைச்சா விளக்கு சரியா எரியாது, இல்லன்னா பியூஸ் போகும்.

பல்பு மாத்தினா கண்ணாடியில விரல் படக்கூடாது. பட்டா ஸ்பிரிட்டுல துடைச்சிட்டுப் போடுங்க, எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் அதிகமாச் சூடாகி பல்பு சீக்கிரம் போகும். மூணு காதுல அகலமான காது மேல வரணும். கோணலா உக்காந்த பல்புதான் பாதி வண்டியில கண்ணைக் குத்துது.

அம்பை பைக் | அக்டோபர் 9, காலை 7.10

திசை சரிபண்ணுறதைச் சொல்லாம ரிலேயைச் சொல்லிட்டிய அண்ணாச்சி. கோணின விளக்குக்கு முழு வோல்ட்டும் குடுத்தா எதிர்ல வாரவன் பாடுதான் திண்டாட்டம்.

பேட்டை வயரிங் | அக்டோபர் 9, இரவு 10.30

சரிதான், அதை முதல்ல சொல்லியிருக்கணும். வரிசையை மாத்திக்கிடுங்க: எர்த், பல்பு உக்காந்த விதம், திசை, அப்புறம் ரிலே.

சுவர் முறை. சமதரை, நேர்ச் சுவர். டயர்ல காத்து சரியா இருக்கணும், டாங்குல பாதி பெட்ரோல், டிக்கி காலி, டிரைவர் சீட்டுல ஒரு ஆள். டாஷ்போர்டுல விளக்கு உயரம் மாத்துற திருகு இருந்தா 0-ல வையுங்க. வண்டியை நாலு தடவை அமுக்கி ஆட்டிவிடுங்க, சஸ்பென்ஷன் தன் இடத்துக்கு வரட்டும்.

முதல்ல வண்டியைச் சுவரை ஒட்டிக் கொண்டுபோய், ரெண்டு விளக்கோட நடுப்புள்ளியையும் சுவர்ல சாக்பீஸ்ல குறிங்க. ரெண்டையும் சேத்து ஒரு குறுக்குக்கோடு. இப்ப நேராப் பின்னால பத்து மீட்டர் வாங்க. குறுக்குக்கோட்டுக்குப் பத்து செ.மீ. கீழ இன்னொரு கோடு. அதுதான் ஒரு சதவீத இறக்கம். விளக்குக்கூட்டு மேலயோ பானட்டுக்கு அடியிலயோ 1.0%, 1.2% அப்படின்னு அச்சடிச்சிருந்தா அந்தக் கணக்கே வேதம். 1.2ன்னா பன்னிரண்டு செ.மீ.

டிம் போட்டு, ஒரு விளக்கை அட்டை வச்சு மறைச்சு, மத்ததைச் சரிபண்ணுங்க. பிளாஸ்டிக் முகப்பை ஒட்டித் துணி போர்த்தாதீங்க, சூட்டுல இளகும். டூமுக்குப் பின்னால ரெண்டு நைலான் திருகு இருக்கும், ஒண்ணு மேல-கீழ, ஒண்ணு இடம்-வலம். பழைய வண்டியில அந்தப் பல் மொடமொடன்னு இருக்கும். சொட்டு எண்ணெய் விட்டுப் பையத் திருகுங்க, ஒடிஞ்சா டூமையே மாத்தணும்.

இந்தக் கணக்கு எதுக்குன்னா: விளக்கு தரையில இருந்து 65 செ.மீ. உயரம்னு வையுங்க. ஒரு சதவீத இறக்கத்துல வெளிச்சத்தோட மேல்விளிம்பு 65 மீட்டர்ல தரையைத் தொடும். ரெண்டு சதவீதம் இறக்கிட்டா 32 மீட்டர்தான். இறக்கமே இல்லன்னா தரையைத் தொடாமலே நேரா எதிராளி கண்ணுக்குப் போகும்.

அம்பை பைக் | அக்டோபர் 10, காலை 6.50

தெருவுல பத்து மீட்டர் சமதரை எங்க இருக்கு? அஞ்சு மீட்டர் போதும், அஞ்சு செ.மீ. இறக்கம். விகிதம் ஒண்ணுதான். சின்ன அளவுல பிழை ரெட்டிப்பாகும்ங்கிறதை மட்டும் மறக்கக்கூடாது, அஞ்சு மீட்டர்ல அரை செ.மீ. தப்பு பத்து மீட்டர்ல ஒரு செ.மீ. தப்பு.

சட்டத்துலயும் அளவு இருக்கு. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள், 106-ஆம் விதி: விளக்குக்கு முன்னால 8 மீட்டர் தள்ளி, விளக்குக்கு வலப்பக்கம் அரை மீட்டர்ல, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்துல இருக்கிற கண்ணைக் கூசவைக்கக் கூடாது. வேலை முடிஞ்சதும் ஒரு ஆளை அங்க நிப்பாட்டிக் கேட்டுப் பாருங்க.

பேட்டை வயரிங் | அக்டோபர் 10, மதியம் 2.15

நேத்து ஒண்ணு விட்டுப்போச்சு. நம்ம ஊர்ல இடதுபக்கம் ஓட்டுறோம், அதனால டிம் வெளிச்சத்தோட மேல்விளிம்பு வலது பாதியில மட்டமாவும், இடது பாதியில மேல ஏறியும் நிக்கும். இடது ஓரத்துல நடக்கிற ஆளும் பலகையும் தெரியணும்னுதான் அந்த ஏற்றம். பத்து செ.மீ. கணக்கை மட்டமான வலது பாதியில அளக்கணும். ஏற்றம் தொடங்குற மூலை, விளக்கோட நடுக்கோட்டுக்கு நேர் கீழ நிக்கணும். ஏற்றம் வலதுபக்கம் இருந்தா அது வலதுபக்கம் ஓட்டுற நாட்டுக்குச் செஞ்ச விளக்கு. எவ்வளவு இறக்கினாலும் எதிராளியைக் குத்திக்கிட்டே இருக்கும், கழட்டிக் கடாசுங்க.

தரை மட்டத்தைக் கண்ணால நம்பாதீங்க. கொத்தனார் வச்சிருக்கிற தண்ணி டியூப்பைப் பிடிச்சு முன்சக்கரத்துக்கும் சுவரடிக்கும் மட்டம் பாத்துக்கிடுங்க.

பாளை கண்ணாடி | அக்டோபர் 11, இரவு 9.40

கண் பரிசோதனை என் வேலை. விளக்கை விட்டுவிட்டுக் கண்ணைச் சொல்கிறேன்.

எதிர்விளக்கைச் சுற்றி நட்சத்திரம்போலக் கோடுகள் நீண்டு தெரிந்தால், பல பேருக்கு அது சரிசெய்யப்படாத சிலிண்டர் பவர் (கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே சீராக இல்லாததால் வரும் பார்வைக் குறை). பகலில் 0.75 சிலிண்டர் தொந்தரவு தராது. இரவில் கண்பாவை விரியும்போது அதே குறை பெரிதாகத் தெரியும். கண்ணாடி போடுகிறவர்கள் எதிரொளி தடுக்கும் பூச்சு உள்ள லென்ஸாக வாங்கினால், லென்ஸின் உள்பக்கத்தில் எதிரொளித்துக் கண்ணுக்கு வரும் பொய் வெளிச்சம் குறையும். கீறல் விழுந்த லென்ஸை இரவு ஓட்டத்துக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

நாற்பது வயதுக்கு மேல் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மஞ்சளித்துக்கொண்டே போகும். அறுபது வயதில் மங்கல் வெளிச்சத்தில் விழித்திரைக்குப் போய்ச்சேரும் ஒளி, இருபது வயதில் சேர்ந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. கூசிய பிறகு மீண்டும் பார்வை தெளிய எடுக்கும் நேரமும் கூடும். விளக்கைச் சுற்றி வளையம் தெரிவது, எதிர்விளக்கு வந்தால் ரோடே வெள்ளைப் படலமாவது ஆகியவை கண்புரை தொடங்குவதற்கான அடையாளமாக இருக்கலாம். வளையத்தோடு கண்வலியும் தலைவலியும் இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள், அது கண் அழுத்தமாக இருக்கக்கூடும்.

இரவில் ஓட்டுவதற்கு என்று விற்கும் மஞ்சள் கண்ணாடி வேண்டாம். அது எதிர்விளக்கை மட்டும் குறைப்பதில்லை. ஓரத்தில் கருப்பு வேட்டி கட்டி நடப்பவரிடமிருந்து வரும் கொஞ்ச வெளிச்சத்தையும் சேர்த்தே குறைக்கும். 2019-இல் வெளியான ஆய்வு ஒன்றிலும் மஞ்சள் கண்ணாடி போட்டவர்கள் பாதசாரியைக் கண்டுகொள்வதில் எந்த முன்னேற்றமும் இல்லை.

வள்ளியூர் லாரி | அக்டோபர் 12, அதிகாலை 4.30

ஒரு கண்ணை மூடிக்கிட்டுக் கடந்தா, மூடின கண்ணு இருட்டுக்குப் பழகினபடியே இருக்கும்னு பழைய ஆட்கள் சொல்லுவாங்க. அது சரியா?

பாளை கண்ணாடி | அக்டோபர் 12, காலை 8.20

மூடிய கண் இருட்டுக்குப் பழகியபடியே இருக்கும் என்பது உண்மை. ஆனால் அந்த இரண்டு மூன்று வினாடியில் உங்கள் பக்கப் பார்வை ஒருபுறம் அறுந்துபோகும், தூரக் கணிப்பும் தளரும். வலக்கண்ணை மூடினால் எதிர்வண்டி இருக்கும் பக்கமே குறைகிறது. வேகத்தைக் குறைத்து இடது விளிம்பைப் பார்ப்பதே மேல். நீங்கள் முதலில் சொன்னதுதான் சரி.

வள்ளியூர் லாரி | அக்டோபர் 14, இரவு 11.50

வேகக் கணக்கு ஒண்ணு போட்டு வச்சிருக்கேன், காய்ஞ்ச ரோட்டுக்கு. ஒன்றரை வினாடி சுதாரிக்க, மிச்சம் பிரேக்.

60 கி.மீ.: 25 + 23 = 48 மீட்டர்.
80 கி.மீ.: 33 + 41 = 74 மீட்டர்.
100 கி.மீ.: 42 + 64 = 106 மீட்டர்.

இது கார் கணக்கு. லோடு லாரிக்கு இன்னும் கூடும். மேல பேட்டை அண்ணாச்சி சொன்னபடி டிம் வெளிச்சம் சரியா வச்சாலே 65 மீட்டர்தான். அப்ப டிம்முல 80-ல போறவர் கண்ணைக் கட்டிக்கிட்டுப் போறதுக்குச் சமம். ஈர ரோட்டுல 60-க்கே 60 மீட்டர் வேணும். எதிர்ல வண்டி வருது, டிம் அடிச்சாச்சு, ஆனா வேகம் அதேதான்னா பாதி வேலைதான் செஞ்சிருக்கீங்க. டிம்முக்கு இறங்குற விரலும் ஆக்சிலரேட்டரை விடுற காலும் சேந்து போகணும்.

எப்ப இறக்கணும்? நேர் ரோட்டுல எதிர்விளக்கு ஒரு புள்ளியா இருந்து ரெண்டாப் பிரியுற நேரத்துல இறக்கிடுங்க. வளைவுல விளக்கு தெரியுற வரை காத்திருக்கக்கூடாது, மரத்துலயோ வரப்புலயோ வெளிச்சம் தட்டும்போதே இறக்கணும். திரும்ப ஏத்துறது, அவன் பானட்டும் உங்க பானட்டும் அக்கம்பக்கமா வந்த பிறகு. முன்னால ஒரு வண்டி போகுதுன்னா அவன் பின்னாடியே பிரைட்டுல ஒட்டாதீங்க, அவனுக்கு மூணு கண்ணாடியிலயும் உங்க வெளிச்சம்.

விளக்கு ஒண்ணுதானே, பைக்குதானேன்னு ரெண்டு வழி ரோட்டுல ஓவர்டேக் ஏறாதீங்க. வலது விளக்கு செத்துப்போன லாரியா இருக்கலாம், இடது விளக்கு மட்டும் எரியும், வண்டி உங்க பக்கமா ஆறடி கூட இருக்கும்.

கல்லிடைக்குறிச்சி வாசகர் | அக்டோபர் 15, இரவு 9.10

எதிர்ல வாற லாரிக்காரங்க சும்மா நேராப் போகும்போதே வலது இன்டிகேட்டர் போடுறாங்களே, அது என்ன?

வள்ளியூர் லாரி | அக்டோபர் 15, இரவு 10.40

என் வண்டியோட வலது விளிம்பு இங்கன இருக்கு, இதுக்கு உள்ள வராதேங்கிற அடையாளம். பின்னால வாரவனுக்கு இப்ப ஏறாதேன்னும் அர்த்தம். இடது போட்டா ஏறிக்கோ. இது சாலையில உருவான வழக்கம், சட்டத்துல இல்ல. நிசமாவே வலதுபக்கம் திரும்புறவனும் அதே இன்டிகேட்டரைத்தான் போடுவான். அதனால இன்டிகேட்டரை நம்பி ஏறாதீங்க, உங்க கண்ணால வெறும் ரோட்டைப் பாத்த பிறகு ஏறுங்க.

நாலு வழியில, கயத்தாறுல இருந்து நாங்குநேரி, பணகுடி வரைக்கும் நடுத்தடுப்புல அரளி வச்சிருக்கிறது பூவுக்காக இல்ல, எதிர்வெளிச்சத்தை மறைக்க. செடி பட்டுப்போன இடத்துலயும் ஊர் பிரியுற திறப்புலயும் சட்டுன்னு வெளிச்சம் அடிக்கும், அதை எதிர்பார்த்து வாங்க. ரோட்டுல பதிச்ச கல் மினுங்குமே, அதுல நிறத்தைப் படிக்கப் பழகணும்: தடத்தைப் பிரிக்கிறது வெள்ளை, இடது ஓரம் சிவப்பு, நடுத்தடுப்பு ஓரம் மஞ்சள், கிளை ரோடு சேருற இடம் பச்சை. கண்ணு கூசினாலும் இது தெரியும். இடது ஓரத்துல ஒத்தை வெளிச்சம் எதிர்ல வந்தா அது தப்பான திசையில வாற பைக்கு. ஊர் விலக்குகள்ல இது நிறைய.

அம்பை பைக் | அக்டோபர் 17, காலை 7.00

பைக்குக்கும் அதே சுவர்தான். ஆனா தனியா உக்காந்து சரிபண்ணினா, பின்னால ஆள் ஏறினதும் மூக்கு மேல பாக்கும். எப்பவும் ரெண்டு பேர் போற வண்டின்னா ரெண்டு பேரும் உக்காந்து சரிபண்ணணும். டூமுக்கு அடியில ஒத்தைத் திருகு, இல்லன்னா ரெண்டு பக்கமும் போல்ட்டு. 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பைக்குல ஹெட்லைட் அணையாது, அதனால பகல்ல பிரைட்டு எரியுறது தெரியாமலே ராத்திரி வரைக்கும் அப்படியே போறாங்க. டேஷ்ல நீல விளக்கு எரியுதான்னு கிளம்பும்போது ஒரு பார்வை.

மழையில வெள்ளை வெளிச்சம் எடுபடாது, மஞ்சள்தான் ஊடுருவும். அதனால எல்.இ.டி. வேண்டாம்ங்கது என் பக்கக் காரணம்.

பேட்டை வயரிங் | அக்டோபர் 17, இரவு 9.30

முடிவு சரி, காரணம் தப்பு. மழைத்துளியும் மூடுபனித் துளியும் வெளிச்சத்தோட அலையை விட ரொம்பப் பெருசு, அதுக்கு மஞ்சளும் வெள்ளையும் ஒண்ணுதான். மழையில ரோடு தெரியாததுக்குக் காரணம் தார் மேல நிக்கிற தண்ணி. காய்ஞ்ச தார் சொரசொரப்பா இருந்து கொஞ்சம் வெளிச்சத்தை நம்ம கண்ணுக்குத் திருப்பும். தண்ணி நின்னா தார் கண்ணாடி ஆயிரும், நம்ம வெளிச்சம் முழுக்க முன்னால வழுக்கி எதிராளி கண்ணுக்குப் போகும், அவன் வெளிச்சம் நமக்கு வரும். பல்போட நிறத்தை மாத்தி இதைச் சரிபண்ண முடியாது. வேகம்தான் குறையணும். நீலம் கலந்த வெள்ளை கூச்சத்தைக் கூட்டும்ங்கிறது மட்டும் உண்மை.

ஃபாக் லேம்ப் மஞ்சளா வெள்ளையாங்கிறதை விட, அது பம்பர்ல கீழ உக்காந்து அகலமாவும் தாழ்வாவும் அடிக்கணும். மாஞ்சோலை மலைப்பாதையில மேகம் இறங்கும்போது பிரைட்டு போட்டா வெள்ளைச் சுவர்தான் தெரியும். டிம்மும் ஃபாக்கும் போதும். ஓடும்போது நாலு இன்டிகேட்டரையும் அடிச்சுக்கிட்டே போகாதீங்க, எந்தப் பக்கம் திரும்புறீங்கன்னு யாருக்கும் தெரியாது.

பாளை கண்ணாடி | அக்டோபர் 19, இரவு 8.50

வண்டிக் கண்ணாடியின் உள்பக்கத்தை யாரும் துடைப்பதில்லை. வெயிலில் நிற்கும் வண்டியில் டேஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து எழும் ஆவி உள்பக்கம் மெல்லிய எண்ணெய்ப் படலமாகப் படியும். பகலில் தெரியாது, எதிர்விளக்கு பட்டதும் முழுக் கண்ணாடியும் வெளுக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடையுங்கள். முதல் துணி பழுப்பாக வந்தால் இரண்டாம் முறையும் செய்ய வேண்டும். டேஷ்போர்டுக்குப் பளபளப்பு எண்ணெய் பூசாதீர்கள், அதுவும் கண்ணாடியில்தான் போய்ச் சேரும்.

வெளிப்பக்கம் வைப்பர் கோடு வளைவு வளைவாகத் தெரிந்தால் ரப்பரை மாற்றுங்கள். மணலடித்துப் புள்ளிபுள்ளியாகப் பொரிந்த கண்ணாடியைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது. உள் கண்ணாடிக்குக் கீழே சின்னக் காது இருக்கும், இரவில் அதைத் தட்டிவிட்டால் பின்விளக்கின் வெளிச்சத்தில் நூற்றுக்கு நான்கு பங்கு அளவுதான் கண்ணுக்கு வரும். மீட்டர் வெளிச்சத்தையும் செல்போன் திரையையும் குறைத்துவையுங்கள்.

அம்பை பைக் | அக்டோபர் 23, காலை 6.30

மஞ்சளடிச்ச ஹெட்லைட் முகப்புக்குப் பற்பசை தேய்க்கிறாங்க. ரெண்டு வாரம் பளபளக்கும், அவ்வளவுதான். சரியான வழி: சுத்திலும் டேப் ஒட்டி, தண்ணி விட்டு 800 நம்பர் தாள், பிறகு 1500, பிறகு 2000. 800-ல தேய்க்கும்போது மஞ்சள் பால் வடியும், வெள்ளையா வடியுற வரை தேய்க்கணும். பிறகு பாலிஷ். கடைசியில வெயில் தாங்குற கிளியர் கோட்டு. இந்தக் கடைசிப் படியை விட்டா நம்ம ஊர் வெயிலுக்குச் சில மாசத்துல பழையபடி மஞ்சளாகும், ஏன்னா கம்பெனி போட்ட பூச்சையும் நாமளே தேய்ச்சு எடுத்துட்டோம். மங்கல் உள்பக்கம் இருந்தா இது எதுவும் உதவாது.

விளக்கு நடுவுல கருப்புப் பொட்டு ஒட்டுற பழக்கம் பத்தி யாராவது சொல்லுங்க. ஒட்டினா கூசாதா?

பேட்டை வயரிங் | அக்டோபர் 23, இரவு 10.00

கோடு கோடா வார்த்த பழைய கண்ணாடி முகப்புக்கு வந்த பழக்கம். இப்ப முகப்பு வெறும் மூடிதான், வெளிச்சத்தைத் திருப்புறது உள்ள இருக்கிற டூம். பொட்டு ஒட்டினா கொஞ்சம் வெளிச்சம் குறையும், திசை மாறாது. கோணின விளக்கு பொட்டோடயும் கோணலாத்தான் அடிக்கும், நேரா இருக்கிற விளக்குக்குப் பொட்டே வேண்டாம்.

வள்ளியூர் லாரி | நவம்பர் 2, அதிகாலை 5.00

கூச்சத்துல ஆபத்து எதிர்ல வாற வண்டி இல்ல, அதுக்கு இந்தப் பக்கம் இருட்டுல நிக்கிறதுதான். இப்ப கார் பருவ நெல் அறுவடை முடிஞ்சு வைக்கோல் ஏத்தின டிராக்டரும் லாரியும் போற நேரம். வைக்கோல் ரெண்டு பக்கமும் தொங்கி பின்விளக்கை மூடிரும். டிரெய்லர் வச்சிருக்கிறவங்க தயவுசெஞ்சு ரெண்டங்குல ஒளிப்பட்டை ஒட்டுங்க: பின்னால சிவப்பு, பக்கவாட்டுல மஞ்சள், முன்னால வெள்ளை. வைக்கோல் மூடாத கீழ்ச்சட்டத்துல ஒட்டணும். சகதி பட்டா ஒளிப்பட்டை வெறும் பட்டைதான், துடைங்க.

செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம் வழியா திருச்செந்தூருக்கு நடக்கிற கூட்டமும், கார்த்திகை பிறந்ததும் செங்கோட்டை, புளியரை வழியா சபரிமலைக்கு நடக்கிறவங்களும் ரோட்டோரத்துலதான் போவாங்க. கருப்பும் நீலமும் டிம் வெளிச்சத்துல கிட்ட வந்த பிறகுதான் தெரியும். நடக்கிறவங்க வலது ஓரத்துல, எதிர்வண்டியைப் பாத்தபடி நடக்கணும். இருமுடியிலயும் தோள்பையிலயும் ஒளிப்பட்டை ஒரு சாண் ஒட்டினா நூறு மீட்டருக்கு மேல இருந்தே மினுங்கும். ஓட்டுறவங்க எதிர்வெளிச்சம் கடந்து போன அடுத்த ரெண்டு வினாடியிலதான் அதிக கவனமா இருக்கணும், அந்த நேரத்துல கண்ணு இன்னும் திரும்பல.

கல்லிடைக்குறிச்சி வாசகர் | நவம்பர் 9, இரவு 9.25

எர்த் போல்ட்டு தேய்ச்சாச்சு. இடது பல்பு கோணலா உக்காந்திருந்தது, திருப்பிப் போட்டாச்சு. ரிலே போட்ட பிறகு ரெண்டு பக்கமும் 13.4. சுவர்ல வலது விளக்கு பத்து மீட்டருக்கு மூணு செ.மீ. மேல நின்னது, இப்ப பத்து செ.மீ. கீழ. பழைய 60/55 பல்பேதான். இப்ப எதிர்ல வாரவங்கள்லயும் நிறையப் பேர் இறக்குறாங்க. அவங்க என் டிம்மைப் பிரைட்டுன்னு நினைச்சுத்தான் இதுவரை இறக்காம இருந்திருப்பாங்க போல.

ஒரு சந்தேகம் பாக்கி. வீட்டுல அஞ்சு பேரும் ஏறி, டிக்கியில ரெண்டு மூட்டை அரிசியும் வச்சா?

பேட்டை வயரிங் | நவம்பர் 9, இரவு 10.10

2.4 மீட்டர் வீல்பேஸ் (முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள தூரம்) வண்டியில பின்பக்கம் நாலு செ.மீ. அமுங்கினா விளக்கு 1.7 சதவீதம் மேல ஏறும். நீங்க வச்ச ஒரு சதவீத இறக்கம் போய், 0.7 ஏற்றமாகும். விளக்கு 65 செ.மீ. உயரம்னா, நூறு மீட்டர்ல வெளிச்சத்தோட விளிம்பு 135 செ.மீ. உயரத்துல நிக்கும். எதிர்க் காரோட டிரைவர் கண்ணு அதுக்குள்ள வந்துரும்.

டேஷ்போர்டு திருகு அதுக்குத்தான். பெரும்பாலான வண்டியில கணக்கு இது: டிரைவர் மட்டும், இல்ல முன்சீட்டு ரெண்டு பேர்னா 0. அஞ்சு சீட்டும் நிறைஞ்சா 1. அஞ்சு பேரோட டிக்கியும் நிறைஞ்சா 2. டிரைவர் ஒருத்தர், டிக்கி முழுக்க லோடுன்னா 3. உங்க வண்டிப் புத்தகத்துல ஒரு தடவை பாத்துக்கிடுங்க. அரிசியை இறக்கினதும் 0-க்குத் திருப்பணும். 2-லயே விட்டா வெளிச்சம் கிட்டக்க விழுந்து, மறுபடி டிம்முல ரோடு தெரியலன்னு இங்க வந்து கேப்பிய.